பக்கத்திலேயே வந்த பஸ்

"ஏறிக்குங்கலா அக்கா! ஏர்கோன் போட்டு வச்சிருக்கேன். உட்கார்ந்தா ஜிலுஜிலுன்னு இருக்கும்."

ரமணி திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும், அது தீபன்தான். மாரத்தானில் ஓட முடியாமல் பின்தங்குகிறவர்களை அள்ளிக்கொண்டு போகிற பஸ்ஸின் டிரைவர். மூன்று வருஷமாக அவனேதான் வருகிறான்.

"தவழ்ந்து போனாலும் போவேனே தவிர, உன் பஸ்ல ஏற மாட்டேன்."

"போன வருஷமும் இதைத்தான் சொன்னீங்க. அதுக்கு முந்தின வருஷமும் இதே டயலாக்."

ரமணிக்கு வயிறு எரிந்தது. பொய் என்றால் கோபம் வராது, உண்மையாக இருந்து தொலைத்தது. இரண்டு வருஷமும் முப்பது கிலோமீட்டர் தாண்டியதும் காற்று காலை வாரிவிட்டது. இந்த பஸ்தான் அவளை ஏற்றிக்கொண்டு போய் அலோர் ஸ்டார் திடலில் இறக்கிவிட்டது. கோலா கெத்திலில் அவள் வேலை செய்யும் கையுறைத் தொழிற்சாலையில் அன்றிலிருந்து அவளுக்குப் பெயரே 'பஸ் ரமணி'. கேண்டீன்காரன்கூட அப்படித்தான் கூப்பிடுகிறான். நாற்பத்து நான்கு வயதில் ஒரு பட்டப்பெயர், தேவையா?

இந்த முறை ஏழு மணி நேரத்துக்குள் சொந்தக் காலில் முடிவுக் கோட்டைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பெயரோடுதான் வேலையை விட்டே போக வேண்டியிருக்கும்.

இன்னும் பத்து கிலோமீட்டர் இருந்தது. கோலா கெடா வரை போய்த் திரும்புகிற சாலை. இரண்டு பக்கமும் அறுத்து முடித்த வயல், மருந்துக்கும் ஒரு மரம் இல்லை. பட்டம் விடுகிற மாதத்துக் காற்று, சொல்லவா வேண்டும்! முன்னால் வலப்பக்கத்திலிருந்து சாய்வாக வந்து ஆளையே தள்ளியது. அது போதாதென்று, பஸ்ஸும் அதே வலப்பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. கை நீட்டினால் தொட்டுவிடலாம். அவள் வேகத்துக்கே ஊர்ந்து வந்தது.

"பின்னாடி போயேன் தம்பி! எஞ்சின் சத்தம் காதைத் துளைக்குது."

"பின்னாடி போனா உங்ககிட்ட எப்படிப் பேசுறது?"

"உன்னை யாரு பேசச் சொன்னா?"

"சரி, பேசல. மைலோ குடிக்கிறீங்களா? ஆனா சீட்டுல உட்கார்ந்துதான் குடிக்கணும். அதான் ரூல்."

"பல்லை உடைச்சிடுவேன்!"

கோபத்தில் கால் தானாக வேகம் பிடித்தது. நாலு கிலோமீட்டர் போனதே தெரியவில்லை.

முப்பத்தாறாவது கிலோமீட்டரில் ஒருவர் சாலையோரம் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரை ஏற்றிக்கொள்ள பஸ் நின்றது. 'அப்பாடா, விட்டதடா சனி' என்று ரமணி நினைத்தாள். ஐம்பதடி போவதற்குள் காற்று முகத்தில் அறைந்தது. தொப்பி பறந்து வயலில் விழுந்தது. அதை எடுக்க அவள் போகவில்லை. குனிந்தால் நிமிர முடியாது என்று அவளுக்கே தெரியும். தொடை இரண்டும் மரத்துப்போயின. ஓட்டம் நடையானது. நடையும் தள்ளாட்டமானது. 'மாரியாத்தா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும்' என்று வாய்விட்டே கெஞ்சினாள்.

பின்னால் ஹாரன் சத்தம்.

"நடக்குறீங்க போல! அப்ப கதவைத் திறக்கவா?"

ஆத்தாளைக் கூப்பிட்டால் இவன் வந்து நிற்கிறான். ரமணி பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஓட ஆரம்பித்தாள்.

சற்று தூரத்தில் சாலை வலது பக்கம் திரும்பியது. திரும்பியதும் பஸ் சுற்றி வந்து அவளுக்கு இடப்பக்கம் நுழைந்தது. அவள் நடுச்சாலைக்கே ஒதுங்க வேண்டியதாயிற்று. வழிகாட்டக் கொடி பிடித்து நின்ற பிள்ளைகள் பஸ்ஸைப் பார்த்து விசில் ஊதினார்கள். தீபன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"இப்ப இந்தப் பக்கமா? வேணும்னே பண்றியா நீ?"

"ஆமாக்கா, வேணும்னேதான்." வெட்கமே இல்லாமல் சிரித்தான்.

"முடியட்டும், உன் மேல ரிப்போட் எழுதுறேன் பாரு."

"தாராளமா எழுதுங்க. முதல்ல முடிங்க."

முடித்தாள். ஆறு மணி ஐம்பத்தேழு நிமிஷம். கழுத்தில் பதக்கத்தைப் போட்டுவிட்ட பெண்ணைக் கட்டிக்கொண்டு, வெட்கத்தை விட்டு ஓவென்று அழுதாள். இனி ஒரு பயல் அவளை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடட்டும், பார்க்கலாம்!

அழுது முடித்ததும் முதல் வேலையாகத் தீபனைத் தேடிக்கொண்டு கூடாரத்தின் பின்னால் போனாள். அங்கே பஸ் நின்றது. அவளுக்கு முன்பே ஒருவர் அவனைப் பிடித்துக் காய்ச்சிக்கொண்டிருந்தார். ஓட்டத்தை நடத்துகிற மனோகரன்.

"வாக்கி டாக்கில எத்தனை தடவை கத்துனேன்! கடைசி ஆளுக்குப் பின்னாடிதான் பஸ் வரணும்னு உனக்குத் தெரியாது? பத்து கிலோமீட்டரும் அந்தம்மா பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு வந்திருக்கே. ஏறு ஏறுன்னு கிண்டல் வேற!"

"ரோஷம் வந்தா நல்லா ஓடுறாங்க பாஸ்."

"வாயை மூடு. அடுத்த வருஷம் உனக்கு இந்த வேலை கிடையாது."

நன்றாக வேண்டும் என்று ரமணி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அதை விடு. முதல்ல ரைட்டுல வந்தே, அப்புறம் லெப்ட்டுல வந்தே. அது என்ன கணக்கு?" மனோகரன் விடவில்லை.

தீபன் தலையைச் சொறிந்தான்.

"காத்து அடிச்ச பக்கம் வந்தேன் பாஸ். நான் பின்னாடி போயிட்டா அது அக்கா மேலதானே அடிக்கும்?"