தலை குனிந்த சிங்கங்கள்

பூங்காவின் போர் நினைவிடத்தில் புதிதாக வைத்த இரண்டு கல் சிங்கங்களை முன்னாள் சிப்பாய் கண்கொட்டாமல் பார்த்தார்.

"என்ன கை அது! செத்த குட்டியைப் பார்க்கிற மாதிரியே ரெண்டும் தலை குனிஞ்சு நிக்குது. பிள்ளையைப் பறிகொடுத்தவங்கதான் இப்படிச் செதுக்க முடியும்."

பக்கத்தில் நின்ற பெண், "செதுக்கினது நான்தாங்க. என் ஒரே பையன் அந்தச் சண்டையில போயிட்டான்" என்றாள்.

அவர் தொப்பியைக் கழற்றி, இறந்த வீரர்களின் பெயர் பொறித்த நினைவுச் சுவரின் பக்கம் திரும்பினார். "இந்தச் சுவர்ல நம்ம பையன் பேரு எங்கம்மா இருக்கு?"

"இருக்காதுங்க. சமாதானம் ஆனப்புறம்தான் இதைச் செதுக்க உங்க நாட்டுல இருந்து என்னைக் கூப்பிட்டாங்க. என் பையன் உங்களை எதிர்த்துச் சண்டை போட்டவன்."

சிங்கத்தின் பிடரியை அவர் வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"இருந்துட்டுப் போகட்டும், பேரைச் சொல்லும்மா. நான் தினம் வர்றவன். இனிமே அவனையும் சேர்த்து நினைச்சுக்கறேன்."