இரவல் வாசம்

"அவசரப்படாதீங்க. நல்லா மென்னு, பொறவு சொல்லுங்க."

மரிய கொறற்றி தட்டை நீட்டினாள். சாக்லேட் கேக்கில் ஒரு துண்டு, இன்னும் சூடு ஆறாதது. சிறில் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். விழுங்கிவிட்டு நாக்கால் உதட்டைத் துழாவினார். ஜன்னலுக்கு வெளியே கொக்கோ மரத்தில் அணில் ஒன்று காயைக் கொறித்துக்கொண்டிருந்தது. கொறற்றி சேலைத் தலைப்பை விரலில் சுருட்டியபடி கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மொதல்ல ஒண்ணுமே தெரியல," என்றார் சிறில். "பொறவு, மழை விட்டோன பழைய மரப்பெட்டியத் தொறந்தா ஒரு மணம் வருமே, அது மெதுவா வருது. அதுக்குப் பின்னால சாக்லேட்டு. கருப்பா, ஆழமா. கடைசியில வெனிலா... யாரோ வாசல்ல வந்து நின்னுட்டு, கூப்பிடாமப் போன மாதிரி."

கொறற்றி தட்டை மேசையில் வைத்தாள். பிறகு சீண்டினாள்.

"வாசல்ல வந்து நின்னுட்டுப் போறது, நேத்து வாசிச்ச கதையில கலங்கரை விளக்கத்துக் காவல்காரன் சொன்னதுல்ல?"

சிறில் பிடிபட்டவர் போலச் சிரித்தார். "நல்ல வார்த்தைன்னா நம்ம கேக்குக்கும் சொல்லலாந்தானே."

இத்தனை வருடக் குடித்தனத்தில் அவர் இவ்வளவு பேசியதே இல்லை. பகலில் மாத்தளை தபால் கந்தோரில் வேலை, மாலையில் புத்தகம். சாப்பாடு எப்படி என்று கேட்டால் தலையை ஆட்டுவார். அந்த ஆட்டத்துக்கு அர்த்தம் தேடியே அவளுடைய பாதி வயது போய்விட்டது.

போன வருடம் அந்தக் காய்ச்சல் வந்தது. முதலில் அவருக்கு, அடுத்து அவளுக்கு. படுக்கையை விட்டு எழுந்தபோது கொறற்றியின் மூக்கில் எதுவும் ஏறவில்லை. கோப்பித்தூளும் அடுப்புச் சாம்பலும் ஒன்றாகிவிட்டன. இனி கேக் எதற்கு என்று தட்டுகளையெல்லாம் பரணில் போட்டுவிட்டாள். சிறில்தான் ஏணி வைத்து ஏறி அவற்றை இறக்கினார்.

"நீ செய் கொறற்றி. ஒனக்கு மூக்கா நான் இருக்கேன்."

அன்றிலிருந்து சனிக்கிழமை தோறும் கேக். அது வேகும் நேரத்தில், நூலகத்திலிருந்து கொண்டுவந்த கதைகளில் சாக்லேட் வருகிற பக்கங்களைத் தேடி வாசித்துக் காட்டுவார். கப்பலில் களவாக வந்த சாக்லேட், காதலியின் கைப்பைக்குள் உருகிப்போன சாக்லேட், சண்டை போட்ட சகோதரிகள் பேசாமலே பங்குபோட்ட சாக்லேட். கேக் வெந்ததும் தின்று பார்த்து, இப்படிச் சொல்வார்.

வாசம் என்றைக்காவது திரும்பலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை நினைக்கும்போதெல்லாம் கொறற்றிக்குப் பயமாக இருக்கும். மூக்கு திரும்பினால் வாசிப்பு நின்றுபோகும். பழைய தலையாட்டல் திரும்பிவிடும். மனிதர் மறுபடி புத்தகத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

"ஒனக்கு ஏதாச்சும் தெரியுதா?" வழக்கம்போலக் கேட்டார்.

இல்லை என்று வழக்கம்போலத் தலையசைத்தாள்.

"வரும், வரும்," என்றபடி இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டார். "நூலகத்து ஸக்கரியாவுக்கு நாலு துண்டு கட்டித் தா. கதை தேடித் தாற மனுஷன், ருசி பார்க்கட்டும்."

"வேணாங்க!" அவள் குரல் சட்டென்று உயர்ந்தது. பிறகு தணிந்தாள். "இது நம்ம ரெண்டு பேருக்கு மட்டும். அவருக்கு நாளைக்கே புதுசா செஞ்சு தாறேன்."

சிறில் தலையை ஆட்டிவிட்டுப் புத்தகத்தோடு கூடத்துக்குப் போனார்.

பின்கதவு வழியாகப் பக்கத்து வீட்டு றஹீமா வந்தாள். "அக்கா, எங்க பிரிட்ஜ் திருத்தியாச்சு. ஒங்க பிரிட்ஜுல வச்ச கருவாட்டுப் பைய எடுத்துக்கிறேன்."

பையை எடுத்துத் திரும்பியவள் அப்படியே நின்றாள். மூக்கைச் சுளித்தாள். மேசைக்குப் போய்க் கேக்கின் மேல் குனிந்தாள்.

"யா அல்லாஹ்! கேக்கு முழுக்கக் கருவாட்டு நாத்தம்! பட்டர மூடாம எம் பைக்குப் பக்கத்துல வச்சீங்களா? பட்டர் எல்லா வாடையையும் இழுத்துருமே அக்கா!"

"உஸ்! மெதுவா."

"அண்ணன் தின்னாரா?"

"ரெண்டு துண்டு."

"ஒண்ணும் சொல்லலியா?"

"மழை, மரப்பெட்டி, வெனிலான்னு சொன்னாரு."

றஹீமா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "ஒங்க மனசு நோகக்கூடாதுன்னு சொல்லியிருப்பாரு."

"அவரா? போன கிழமை சீனி கொறைவுன்னு மூஞ்சிக்கு நேர சொன்னவரு. இதை ஸக்கரியாவுக்கு வேற கட்டித் தரச் சொன்னாரு."

றஹீமாவின் சிரிப்பு மெல்ல அடங்கியது. "அப்ப... சீனி நாக்குக்குத் தெரியுது, வாசந்தான் தெரியல. அண்ணனுக்கும் அந்தக் காய்ச்சல்லயே மூக்கு போயிருச்சா?"

கொறற்றி கூடத்தைப் பார்த்தாள். நாற்காலியில் சிறில் அடுத்த சனிக்கிழமைக்காகப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"நல்ல ஜோடி! ஒங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. நான் வந்து சொல்லாட்டி முழுக் கேக்கையும் தின்னு முடிச்சிருப்பீங்க."

"நீ சொல்லித்தான் தெரியணுமா?" என்றாள் கொறற்றி, தாழ்ந்த குரலில். "கேக் அடுப்பத் தொறந்தோனேயே எனக்குக் கொமட்டிச்சு. கொட்டினா அவருக்குத் தெரிஞ்சிரும்னுதான் தட்டுல வச்சேன். வாசம் திரும்பி வந்து மூணு மாசமாச்சு."

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குக் குரல் கொடுத்தாள்.

"என்னங்க, அந்தக் கலங்கரை விளக்கப் பக்கத்த இன்னொருக்கா வாசிங்களேன். எனக்கு ஒண்ணுமே மணக்க மாட்டேங்குது."