ஐந்தாவது குற்றம்

வெல்டர் விரலை மடக்கி மடக்கி எண்ணி வைத்திருந்தார்.

கரைக்காரனின் முதல் குற்றம், அவன் ஊர்க் கரையைக் கடல் விழுங்கியதும் வேறெங்கும் போகாமல் குடும்பத்தோடு இந்தத் தெருவுக்கு வந்தது. மூன்று வருஷமாக மழை இல்லாமல், வீட்டுக்கு நாலு குடம் என்று வரிசையில் நிற்கிற தெரு இது.

இரண்டாவது, தண்ணீர்த் தொட்டியின் சாவியை வாங்கிக்கொண்டது. தொட்டிக்குக் கம்பிக் கதவு அடித்துக் கொடுத்தவர் வெல்டர். சாவி மட்டும் நேற்று வந்தவன் இடுப்பில்!

மூன்றாவது, வெல்டரின் மனைவியிடமே நல்ல பெயர் எடுத்தது. “மனுஷன் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசறாரா பாருங்க” என்று இவருக்குச் சோறு போடும்போதே சொல்கிறாள்.

நான்காவதுதான் பொறுக்க முடியாதது. பன்னிரண்டு நாள் முன்பு, பொழுது புலராத வரிசை நெரிசலில் வெல்டர் அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தார். திருப்பி அடித்தானா? இல்லை. பெரிய சாமியார் மாதிரி நகர்ந்து போய்விட்டான்.

வரிசையில் முதலில் கை ஓங்குகிறவர் வீட்டுக்குப் பத்து நாள் தண்ணீர் கிடையாது. பக்கத்துத் தெருவில் ஒரு குடத்துக்காக மண்டை உடைந்த பிறகு எல்லோரும் கூடிப் போட்ட விதி. ஆனால் வெல்டர் வீட்டுக்கு ஒரு நாளும் நிற்கவில்லை. பச்சைக்குழந்தையோடு மகள் வந்திருக்கும் வீடு, நின்றிருந்தால் நாறியிருக்கும்.

‘முறை நோட்டுல என் பேரை எழுத எவனுக்குத் தைரியம் வரும்?’ என்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

ஐந்தாவது குற்றத்தை இன்று கண்டுபிடித்துவிட்டார். தையல்கடை வாசலில் தெருவையே கூட்டிவிட்டார்.

“பத்து நாளா இவன் வீட்டுக் குடம் வரிசைக்கே வரலை. சாவி இவன்கிட்ட. அப்ப இவன் வீட்ல குடிச்சது என்ன, காத்தா?”

கூட்டம் சிரித்தது. பின்னாலிருந்து ஒரு குரல், “வந்தவன் வாய் நனையணும், நம்ம வாய் காயணுமா?” என்றது. சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டு பேர் கைலியை மடித்துக் கட்டினார்கள்.

“குவாரிக் குட்டையிலேர்ந்து சைக்கிள்ல கொண்டு வந்தோம்ணே” என்றான் கரைக்காரன்.

“நாலு மைலு? எதிர்லயே தொட்டியை வச்சுக்கிட்டு? யார் காதுல பூ சுத்தறே?”

வெல்டர் கடைப் பக்கம் திரும்பினார்.

“அக்கா, முறை நோட்டைப் படிங்க. இவன் வண்டவாளம் தெரியட்டும்.”

நோட்டு எழுதும் தையல்கார அக்கா தயங்கினார். “படிச்சுத்தான் ஆகணுமா தம்பி?”

“வேண்டாம்ணே” என்றான் கரைக்காரன் அவசரமாக. “சாவியை நீங்களே வச்சுக்குங்க. நோட்டு வேண்டாம்.”

வெல்டருக்கு நெஞ்சு குளிர்ந்தது. மாட்டினான்!

“தெருவே சாட்சி நிக்குது. சத்தமாப் படிங்கக்கா!”

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“வரிசையில் கைகலப்பு. ஒரு வீட்டுக்குப் பத்து நாள் தண்ணீர் நிறுத்தம்.”

காலருக்குப் போன வெல்டரின் கை பாதியில் நின்றது.

“முதலில் கை ஓங்கியது நான்தான் என்று தானே வந்து ஒப்புக்கொண்டவர்...”

அக்கா தலையைத் தூக்கி வெல்டரை ஒரு தடவை பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார்.

“கரைக்காரர்.”