துரையின் குளியல்

தன்னைச் சர்க்கார் பட்டத்துக்குச் சிபாரிசு செய்யவேண்டிய வெள்ளைக்கார துரை குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருக்க, தென்காசி முனிசிபல் சேர்மன் சுந்தரபாண்டியன் துண்டு ஏந்தி நின்றார். தென்காசியிலிருந்து அவருடைய வேலையாள் மாடன் சைக்கிளில் பறந்து வந்தான்.

“அண்ணாச்சி, உங்க வைக்கோல் படப்பு எரியுது! அடுத்தாப்ல வீடுதான். தீயணைக்கிற ஆளுகளையும் காணோம், பம்பையும் காணோம்!”

“மெதுவாப் பேசுலே!”

“எங்கன போனாவன்னு சொல்லுங்க, கூட்டியாரேன்.”



துரை நனைந்த தலையோடு திரும்பினார். “சாரலே இல்லாத வருஷம். உம்முடைய அருவி மட்டும் விழுகிறதே, சேர்மன்!”

“எல்லாம் துரை காலடி பட்ட ராசி” என்று பல்லைக் காட்டிய சேர்மன், அண்ணாந்து பார்த்தார். உச்சிப் பாறை மறைவில், அவர் ஏற்றிவிட்ட தீயணைப்பு ஆட்கள் அத்தனை பேரும் மூச்சிரைக்கப் பம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

துரை இன்னும் சோப்புப் போடவே ஆரம்பிக்கவில்லை.