போர்முனைக் கடிதங்கள்

"நான் உனக்கு எழுதின லெட்டரெல்லாம் எங்கே?" என்று கேட்டார் கணவர். வெளிநாட்டுப் போர்முனைகளில் நிருபராக அலைந்து திரிந்தவர், இப்போது அந்தப் போர்களின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் இப்ப எதுக்குங்க?" மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"புத்தகத்துக்கு வேணும். நடந்ததை அன்னன்னிக்கே உனக்குத்தானே எழுதினேன்?"

"பீரோ சாவியைக் காணோம்."

மறுநாள் கேட்டால் தலைவலி என்றாள். நிருபர் மூளை சும்மா இருக்குமா? தான் ஊரில் இல்லாத காலத்தில் வேறு யாரோ அவளுக்கு எழுதிய கடிதமும் அதோடு இருக்கிறதோ என்று அரித்தது.

அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து பீரோவை உடைத்தார். கட்டுக்கட்டாக இருந்தவை எல்லாம் அவருடைய கடிதங்கள்தான். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

திரும்பி வந்தவள் கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

"ஒண்ணைக்கூட படிக்கலையா நீ?" அவர் ஒரு கடிதக் கட்டைத் தூக்கிக் காட்டினார்.

"கவர்ல உங்க கையெழுத்தைப் பார்த்தா, உயிரோட இருக்கீங்கன்னு தெரிஞ்சுடும். அதுக்கு மேல படிக்க எனக்குத் தைரியமில்லைங்க. மீதியை நீங்களே வந்து, பக்கத்துல உட்கார்ந்து சொல்லுவீங்கன்னு வெச்சிருந்தேன்."

பையைக் கீழே வைத்தாள்.

"வந்தீங்க. வந்ததும் புத்தகம் எழுத உட்கார்ந்துட்டீங்க."