நாலு முக்கோணம்

கலைந்த கருவுக்குச் சின்னதாக ஒரு முக்கோணம் போடுவார்கள். பரம்பரைக் கோளாறைக் கண்டுபிடிக்க வரையும் குடும்ப வரைபடத்தில், மருமகளுக்குக் கீழே நாலாவது முக்கோணத்தைப் போட்டார் டாக்டர்.

“இந்த ஆஸ்பத்திரியே வேணாம்னேன், கேட்டாத்தானே! இவ வம்சத்தை நல்லாத் தோண்டிப் பாருங்க. எங்க பக்கம் ஒரு குறையும் கிடையாது,” என்றாள் மாமியார்.

“இவங்க குரோமோசோம் சரியாத்தான் இருக்கு. சாரைத்தான் பார்க்கணும்.” கணவனின் பெயரைக் கணினியில் தட்டிய டாக்டர் அவனை நிமிர்ந்து பார்த்தார். “ஏழு வருஷம் முன்னாடி, உங்க அக்கா குழந்தை தவறினப்பவே உங்களையும் சோதிச்சிருக்கோமே! குரோமோசோம்ல கோளாறு, கரு தங்குறது கஷ்டம்னு சொல்லியிருக்கோம். உங்க அம்மாவும் கையெழுத்துப் போட்டிருக்காங்க.”

அவர்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். கணவன் தலையைக் குனிந்துகொண்டான்.

வரைபடத்தில் தன்னையும் அவனையும் இணைத்திருந்த கோட்டின் மேல் மருமகள் விரலை வைத்தாள்.

“பிரிஞ்சவங்களுக்கு இந்தக் கோட்டை எப்படிப் போடுவீங்க, டாக்டர்?”