மிளகாய் காயும் பேனல்

மொட்டைமாடியில் ஒரு சோலார் பேனல் இருந்தது. மாடிப்படிக்குக் கீழே ஒரு பேட்டரி இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததில்லை. பேச்செல்லாம் வயர் வழியாகத்தான்.

“இன்னைக்கும் எனக்கு அரை வயிறுதான்,” என்று பேட்டரி எரிந்து விழுந்தது. “உச்சி வெயில்ல உக்காந்துக்கிட்டு என்னதான் பண்றே? கரண்ட் போனா திட்டு வாங்கறது நான்.”

“மேல வந்து பாரு,” என்றது பேனல். “பழைய வேட்டியை என் மேல விரிச்சு மிளகாய் காயப் போட்டிருக்காங்க. போன வாரம் வடகம். என் முதுகு நல்லா சுடுதாம், தூசியே இல்லையாம்.”

“சோம்பேறிக்குச் சாக்கா கிடைக்காது?” என்றது பேட்டரி.

அன்று சாயங்காலம் கரண்ட் போனது. ஃபேன் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு நின்றது. வீட்டுக்காரர் அருளப்பன் மாடியிலிருந்து இறங்கி வந்து பேட்டரியைக் காலால் தட்டினார்.

“இவ்வளவு செலவு பண்ணி என்ன பிரயோஜனம்? இது ஒண்ணு பத்தாது. இன்னொண்ணு வாங்கிப் போட்டாத்தான் சரிப்படும்.”

அவர் இடுப்பில் காய்ந்த மிளகாய்க் கூடை இருந்தது. பேட்டரி அதைப் பார்த்தது. அதற்குப் பிறகு அது பேனலைத் திட்டவில்லை.

அடுத்த வாரம் புதுப் பேட்டரி வந்தது. பொட்டு வைத்து, மாலை போட்டு, பழையதின் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். மத்தியானம் அது மெதுவாகக் கேட்டது.

“அண்ணே, பசிக்குது. நமக்குச் சாப்பாடு எப்ப வரும்?”

பழைய பேட்டரி பல்லைக் கடித்தது.

“மல்லி காயணும், மஞ்சள் காயணும். அதெல்லாம் காஞ்ச பிறகும் வெயில் மிச்சமிருந்தா வரும்.”